இறுதிக் கடனும் கொள்ளைநோயும்

ஒரு வீட்டிலே மரணம் நேர்ந்துவிட்டால் ஊரார் செய்யும் முதற்காரியம் யாது? வேலியோரத்தில் நின்று விசாரித்துவிட்டு அவர்கள் போய்விடுவதில்லை. உள்ளே செல்கின்றனர். பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி சொல்லி அழுகின்றனர். உரித்துடையோர் பிரேதத்தை நீராட்டிக் கோடி உடுத்து வாய்க்கரிசி இடுகின்றனர். முஸ்லிம்கள் ஜனாஸாவைக் குளிப்பாட்டிக் கபனிடுதலும், கிறிஸ்தவர்கள் இறந்தவரின் நெற்றியில் முத்தமிட்டு விடைகொடுத்தலும் இவற்றையொத்த கடமைகளே. இவற்றை ஒருவர் தடுப்பாராயின், அஃது இறந்தவருக்கு இழைத்த அவமதிப்பு என்றே எவரும் கொள்வர். பேச்சு நின்றுபோன பின்பு அன்பைத் தெரிவிப்பதற்கு எஞ்சியிருப்பது தொடுதல் ஒன்றுதான்.

அந்தத் தொடுதலைப் பற்றிக்கொண்டே பரவும் நோய் ஒன்று உண்டு. அதன் பெயர் எபோலா.

1976ஆம் ஆண்டிலே, இன்று கொங்கோ ஜனநாயகக் குடியரசு என வழங்கும் நாட்டின் வடபகுதியில் யம்புக்கு என்னும் சிற்றூரிலும், சூடானின் தென்பகுதியிலும் இந்நோய் முதன்முதலாக இனங்காணப்பட்டது. யம்புக்குவுக்கு அண்மையில் ஓடும் ஆறொன்றின் பெயரே நோய்க்கு வைக்கப்பட்டது. காற்றின் வழியாகப் பரவும் நோய் அன்று அது. நோயாளியின் குருதி, வாந்தி, மலம், வியர்வை ஆகியவற்றைத் தொட்டவரையே பற்றும். கிருமி உட்புகுந்து இரண்டு நாள் முதல் இருபத்தொரு நாள் வரையில் காய்ச்சல் தோன்றும். நோயின் இறுதிக் கட்டத்திலும் மரணத்தின் பின்னருமே உடலிலே கிருமி மிகுந்து நிற்கும். ஆதலின் வழியே போனவனை அது பெரும்பாலும் தீண்டுவதில்லை. தாயைக் கவனித்த மகளையும், கணவனின் தலையை மடியில் ஏந்திய மனைவியையும், பிரேதத்தை நீராட்டிய சுற்றத்தாரையும் தேடிப் பிடிக்கும். யார் யாருக்கு உறவினர், யார் யாருக்குக் கடமைப்பட்டவர் என்பதை அறியாத வைத்தியர் ஒருவர் அந்நோயின் பாதையை அறிதல் இயலாது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. யம்புக்குவிலே நோய் பெருகியதற்கு ஆபிரிக்க மக்களின் பழைய வழக்கம் முதற்காரணமன்று. அங்கிருந்த மிசன் வைத்தியசாலையில் நாள்தோறும் காலையிலே ஐந்து ஊசிகளே வெளியில் எடுக்கப்பட்டன. அவ்வைந்தையும் சரிவரக் கொதிக்கவையாமல் வந்தவர் அனைவருக்கும் ஏற்றினர். அவ்வழியாகவே கிருமி பலருடைய உடலிற் புகுந்தது. 318 பேர் நோயுற்றனர்; அவர்களுள் 280 பேர் மாண்டனர். ஊர்ப் பெரியோர்களோ, பெரியம்மை வந்த காலத்திற் கற்றுக்கொண்டதை நினைவிற் கொண்டு, வீதிகளை மறித்து ஊருக்கு ஊர் போக்குவரத்தைத் தடுத்தனர். அன்று மருந்தின் பெயரால் நோய் பரவிற்று. வழக்கத்தின் பெயரால் அது மறிக்கப்பட்டது. நோய்க்குக் காரணம் அறியாமை என்று எளிதிற் சொல்லிவிடுவோர் இந்த நிகழ்ச்சியைச் சற்று நின்று பார்த்தல் வேண்டும்.

இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு உகண்டா நாட்டின் வடபகுதியில் உள்ள குலு மாவட்டத்திலே கிடைக்கிறது. 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அங்கே எபோலா பரவுவது அறியப்பட்டது. நோய் தணிவதற்குள் 425 பேரைப் பற்றி 224 பேரின் உயிரைக் கவர்ந்தது. அங்கு வாழ்வோர் அச்சோலி மக்கள். பாரி ஹியூலெற் என்னும் அமெரிக்க மானிடவியலார் அங்கே சென்று, நோயைப் பற்றி அம்மக்கள் என்ன எண்ணுகின்றனர், என்ன செய்கின்றனர் என்பதை அவர்களிடமே கேட்டறிந்தார். திடீரெனக் காற்றுப்போல் வந்து பலரைக் கொண்டுபோகும் கொள்ளைநோயை அவர்கள் கெமோ என அழைப்பர். அஃது ஓர் ஆவியின் செயல் என்பது அவர்களுடைய நம்பிக்கை. இவ்வளவோடு நின்றுவிட்டால், மூடநம்பிக்கை என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால் கெமோ வந்துவிட்டது என்று பெரியோர் தீர்மானித்ததும் ஊரார் கைக்கொள்ளும் விதிகள் யாவை?

நோயாளியை ஏனைய வீடுகளிலிருந்து நூறு மீற்றருக்குக் குறையாத தூரத்திலுள்ள தனிக்குடிலில் வைத்தல் வேண்டும். முன்பு அந்நோய் கண்டு பிழைத்தவர் இருப்பின் அவரே உணவும் நீரும் கொடுத்துப் பார்த்தல் வேண்டும். நோயுள்ள வீட்டின் முன்னே நெடிய யானைப்புற் கழிகள் இரண்டை நட்டு, பிறர் நெருங்காதபடி அடையாளம் இடுதல் வேண்டும். ஒருவரும் ஊர் விட்டு ஊர் போகலாகாது. கூத்தும் கொண்டாட்டமும் கூடா. நோய் நீங்கியவரும் மேலும் ஒரு திங்கட் காலம் விலகியிருத்தல் வேண்டும். வழக்கமான நாளிலே பிரேதத்தை நீராட்டும் உரிமை இறந்தவரின் தந்தையுடன் பிறந்த அத்தைக்கு உரியது. பிரேதத்தை அடக்கஞ் செய்வது வீட்டின் அருகிலேயே. ஆனால் கெமோவினால் இறந்தவரை அத்தை தொடுவதில்லை. பிழைத்தவரே எடுத்துச் சென்று ஊரின் எல்லையிலே புதைப்பர்.

நோய்த்தடுப்பை முறையாகப் பயின்ற ஒரு சுகாதார வைத்திய அதிகாரி இவ்விதிகளை வாசித்தால், மாற்றுவதற்கு அவர் அதிகம் காணமாட்டார். ஆவியை விரட்டுவதற்காக இரவிலே பானை சட்டிகளைத் தட்டி ஓசை எழுப்பினார்களே என்றால், அதனால் எவருக்கும் தீங்கில்லை. வாசலிலே நட்ட புற்கழிகளைப் பற்றிக் கேட்கும்போது, அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகும் தமிழர் வழக்கம் நினைவுக்கு வாராமற் போகாது. அந்த வேப்பிலையைக் கண்டதும் அயலார் உள்ளே வருவதில்லை. அவ்வீட்டாரும் வெளியே விருந்துக்குப் போவதில்லை. அம்மன் வந்திருக்கிறாள் என்ற சொல்லுக்குள்ளே அயலாரைக் காக்கும் ஏற்பாடு ஒன்றும் அடங்கியிருந்தது. ஆயினும் அதே சொல், வைத்தியரை அழையாமலும் அம்மைப்பால் குத்தவிடாமலும் பலரைத் தடுத்தது என்பதையும் மறைத்தற்கில்லை. வழக்கம் என்பது இருபுறமும் கூருள்ள கத்தி.

குலுவிலே அந்தக் கத்தி நல்ல புறமாகத் திரும்பியிருந்தது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, அதே ஆபிரிக்கக் கண்டத்தின் மேற்குக் கரையோரத்திலே நிகழ்ந்தது வேறு.

2013ஆம் ஆண்டின் இறுதியில் கினியா நாட்டுக் காட்டுப் பகுதியில் மெலியாண்டு என்னும் ஊரிலே சிறு குழந்தையொன்று இறந்தது. அதுவே அங்குப் பரவிய எபோலாவின் தொடக்கம் எனப் பின்னர் கண்டறியப்பட்டது. 2014 மார்ச் மாதத்தில் நோயின் பெயர் தெரியவருவதற்குள் அது பல ஊர்களுக்குப் போய்விட்டது. கினியா, லைபீரியா, சியராலியோன் ஆகிய மூன்று நாடுகளையும் பீடித்த அந்நோய், 2016இல் ஓய்வதற்குள் 28,600க்கு மேற்பட்டோரைப் பற்றியது. 11,300க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்நோய் அப்பகுதிக்குப் புதிது. அச்சோலி மக்களுக்குக் கைவந்த விதிகள் அங்கே ஆயத்தமாக இருக்கவில்லை. லைபீரியாவும் சியராலியோனும் நெடுங்கால உள்நாட்டுப் போரினால் நொந்திருந்தன. லைபீரியாவிலே நாற்பது இலட்சம் மக்களுக்கு ஏறத்தாழ ஐம்பது வைத்தியர்களே இருந்தனர். அரசாங்கத்திலிருந்து வருவோர் எவரையும் ஐயத்தோடு நோக்கும் வழக்கம், போர் கற்பித்த பாடமாக மக்களிடம் இருந்தது.

சியராலியோனிலே, கினியாவின் எல்லையை அடுத்துள்ள சொக்கோமா என்னும் ஊரில் புகழ்பெற்ற நாட்டு வைத்தியப் பெண்மணி ஒருவர் இருந்தார். எல்லை கடந்து வந்த நோயாளிகளுக்கும் அவர் வைத்தியம் பார்த்தார். நோய் அவரையும் பற்றிற்று. 2014இல் அவர் இறந்தபோது சுற்றுப்புற ஊர்களிலிருந்து மக்கள் திரண்டு வந்து, அவருக்குரிய மரியாதைகள் அனைத்தையும் செய்தனர். அந்த ஒரு மரணச் சடங்கோடு தொடர்புடைய மரணங்கள் 365 வரை இருக்கலாம் என உள்ளூர்ச் சுகாதாரப் பகுதியினர் பின்னர் மதிப்பிட்டனர். அவர்கள் செய்த தவறு யாது? நன்றியுள்ள மக்கள் செய்யும் காரியத்தையே அவர்கள் செய்தனர்.

இந்நிலையிலே அதிகாரிகள் கைக்கொண்ட வழி, சடங்கு முழுவதையும் நிறுத்திவிடுதல். முகமும் தெரியாதபடி தலை முதல் கால் வரை மூடிய உடையணிந்தோர் வண்டியில் வந்து இறங்குவர். மருந்து நீரைத் தெளிப்பர். பிரேதத்தைக் கறுப்புப் பையில் இட்டுக் கட்டிக்கொண்டு போய்விடுவர். எங்கே கொண்டுசென்றனர், எவ்விடத்தில் புதைத்தனர் என்பது பல குடும்பங்களுக்குத் தெரியாது. நோயாளியைக் கொண்டுபோனாலும் அவ்வாறே. போனவர் திரும்பி வருவதை ஊரார் கண்டதில்லை. தெளிக்கும் நீரே நோயைப் பரப்புகிறது என்ற வதந்தி எழுந்ததில் வியப்பில்லை. கினியாவிலே வோமே என்னும் ஊருக்கு 2014 செப்டெம்பரில் நோய்விளக்கஞ் செய்யச் சென்ற அதிகாரிகளும் சுகாதார ஊழியர்களும் பத்திரிகையாளர்களுமாக எண்மர் ஊராராற் கொல்லப்பட்டனர். கொலைக்கு நியாயம் கற்பித்தல் ஆகாது. ஆயினும் காப்பாற்ற வந்தவரைக் கொலைகாரர் எனக் கருதும் அளவுக்கு அச்சம் எவ்வாறு முற்றியது என்று கேட்காமல் விடுதலும் ஆகாது.

லைபீரியாவில் நடந்தது தமிழ் நேயர்கள் தனியே சிந்திக்கத்தக்கது. 2014 ஓகஸ்ற் மாதத்தில், தலைநகராகிய மொன்றோவியாவில் நோயினால் இறந்தோரின் உடல்களை எல்லாம் எரிக்குமாறு அரசாங்கம் கட்டளையிட்டது. புதைப்பதற்கு நிலமும் ஆளும் போதாமை காரணம். அந்நாட்டு மக்கள் பிரேதத்தை எரிக்கும் வழக்கம் உடையவரல்லர். ஆதலால் எரிப்பதற்கு இடமும் இல்லை. அங்கே குடியேறி வாணிகஞ் செய்யும் இந்தியர் தம்முள் இறந்தோருக்கென அமைத்திருந்த தகனசாலை ஒன்றே இருந்தது. அதிலே ஏறத்தாழ இரண்டாயிரம் உடல்கள் எரிக்கப்பட்டன. இந்துக்கள் எதனை உயிருக்கு விடுதலை தரும் தீ எனப் போற்றுகின்றனரோ, அதே தீ அங்கே ஒரு சமுதாயத்துக்குத் தாங்கொணாத அவமானமாயிற்று. லைபீரியாவிலே ஆண்டுதோறும் மார்ச் மாதத்து இரண்டாம் புதன்கிழமை, மக்கள் தத்தம் முன்னோரின் கல்லறைகளைத் துப்புரவு செய்து வெள்ளை பூசி மலரிடுவர். அது பொது விடுமுறை நாள். சாம்பலெல்லாம் ஒன்றாய்க் கலந்து பீப்பாய்களிற் கிடந்தால், மகன் எந்தக் கல்லறைக்கு மலர் கொண்டுசெல்வான்?

விளைவு விரைவிலே தெரிந்தது. மக்கள் மரணத்தை மறைத்தனர். இரவோடிரவாகப் புதைத்தனர். வேறு நோயினால் இறந்தார் எனப் பத்திரம் பெறுவதற்குக் கைக்கூலி கொடுத்தோரும் உண்டு. நோயுற்றோர் வீட்டிலேயே ஒளித்து வைக்கப்பட்டதனால், புதிதாக அமைத்த சிகிச்சை நிலையங்களிலே கட்டில்கள் வெறுமையாகக் கிடந்தன. தொற்றைத் தடுக்க மூட்டிய தீ, தொற்றுக்கு ஒளிப்பிடம் தேடிக் கொடுத்தது. எரிக்கும் தொழிலுக்கு அமர்த்தப்பட்ட இளைஞர்களையோ சொந்தச் சுற்றத்தாரும் வீட்டுக்குள் விடவில்லை. சுடலைத் தொழில் செய்வோரைத் தாழ்த்தி வைத்துக்கொண்டே அவருடைய உழைப்பைப் பெறும் கொடுமை தமிழர் சமுதாயத்துக்குப் புதியதன்று. அங்கே அது சில மாதங்களிலேயே பிறந்துவிட்டது.

பிழை உணரப்பட்டது. உணர்த்தியவருள் மானிடவியலாரும் மதப் பெரியோரும் ஊர்த் தலைவர்களும் இருந்தனர். கினியாவின் கிஸ்ஸி மக்களிடையே நிகழ்ந்த ஒரு சம்பவம் குறிப்பிடத்தக்கது. கருவுற்றிருந்த பெண்ணொருத்தி நோயினால் இறந்தாள். சிசு வயிற்றிலிருக்கத் தாயைப் புதைப்பது அவர்களுடைய மரபிலே பெருங்குற்றம். சிசுவை வெளியே எடுத்த பின்னரே அடக்கஞ் செய்தல் வேண்டும். வைத்தியர்களோ, கிருமி நிறைந்த அவ்வுடலிற் கத்தி வைப்பது மேலும் பல உயிரைப் போக்கும் என்றனர். இருவர் சொல்லும் மெய். இருவரும் விட்டுக்கொடுக்க இயலாது. அவ்வேளையில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சார்பில் அங்கிருந்த ஜூலியென் அனொக்கோ என்னும் மானிடவியலார் ஊர் முதியோரை அணுகி, “இம்மரபு பிழைத்துவிட்டால் அதற்குக் கழுவாய் உண்டா?” என விசாரித்தார். உண்டு என்று தெரிந்தது. அதனை நடத்தத் தெரிந்த முதியவரும் கிடைத்தார். கழுவாய்ச் சடங்குக்கு வேண்டிய செலவை ஸ்தாபனமே ஏற்றது. பெண்ணின் உடல் திறக்கப்படாமலே அடக்கஞ் செய்யப்பட்டது. சடங்குக்குச் சுகாதார நிதியிலிருந்து பணம் கொடுப்பதா எனச் சிலர் முகஞ் சுளிக்கலாம். அந்தப் பணம் வாங்கிய மருந்து வேறு எந்தப் பணமும் வாங்காதது.

2014 நவம்பரிலே உலக சுகாதார ஸ்தாபனம் புதிய முறையொன்றை வெளியிட்டது. புதிதாக நோயுறுவோருள் நூற்றுக்கு இருபதின்மராவது பிரேத அடக்கத்தின்போதே நோயைப் பெறுகின்றனர் என அது அப்போது கூறிற்று. செஞ்சிலுவைச் சங்கத்தினரோடும் முஸ்லிம், கிறிஸ்தவ அமைப்புகளோடும் கலந்து வகுக்கப்பட்ட அந்த முறையிலே, பாதுகாப்பு என்னும் சொல்லோடு கண்ணியம் என்னும் சொல்லும் சேர்ந்துகொண்டது. அடக்கஞ் செய்ய வருவோர் முதலிலே சாதாரண உடையோடு வந்து வீட்டாருக்கு வணக்கஞ் சொல்லி, துக்கம் விசாரித்து, செய்யப்போவதை விளக்குவர். பின்னர் வீட்டார் பார்த்திருக்கவே காப்புடையை அணிவர். கறுப்புப் பைக்குப் பதிலாக வெள்ளைப் பை வந்தது. குடும்பத்தார் குழி தோண்டலாம். சற்று விலகி நின்று பார்க்கலாம். இமாமோ பாதிரியாரோ பிரார்த்தனை செய்யலாம். கல்லறையிலே பெயர் எழுதப்படும். முஸ்லிம்களின் பிரேதத்தை நீராட்டுதல் ஆபத்தாகையால், அதற்குப் பதிலாகத் தயம்மும் செய்ய வகைசெய்யப்பட்டது. நீர் கிடையாத இடத்திலே தூய மண்ணினாற் சுத்தி செய்துகொள்ளும் அந்த விதி இஸ்லாத்திலே தொன்றுதொட்டு உள்ளது. சடங்கை அழித்துவிடாமல், சடங்குக்குள்ளேயே இருந்த விலக்கைத் தேடி எடுத்தமைதான் இங்கே நடந்த காரியம்.

லைபீரியாவில் 2014 டிசெம்பர் இறுதியில் டிஸ்கோ ஹில் என்னும் இடத்திலே புதிய மயானம் திறக்கப்பட்டு, எரித்தல் கைவிடப்பட்டது. 2015 மார்ச் மாதத்திலே, கல்லறைகளுக்கு மலரிடும் நாளுக்குச் சில நாள் முன்னதாக, தகனசாலையிற் கிடந்த சாம்பற் பீப்பாய்களும் அங்கே கொண்டுவந்து வைக்கப்பட்டன.

நோய் தணிந்ததற்குப் பல காரணங்கள் உள. சிகிச்சை நிலையங்கள் பெருகின. நோயாளிகளோடு பழகியவர்களைத் தேடிக் கண்காணிக்கும் பணி சீர்ப்பட்டது. சியராலியோனில் ஊர்த் தலைவர்களே தடைச்சட்டங்கள் வகுத்தனர். தடுப்பூசி கினியாவிலே 2015இற் பரிசோதிக்கப்பட்டு நற்பயன் தந்தது உண்மை. ஆனால் அதற்குள் நோய் பெரும்பாலும் அடங்கிவிட்டது. மக்கள் தாமே தம் கையைப் பின்வாங்கிக்கொண்டமையே அதனை அடக்கியது. அவ்வாறு பின்வாங்குவதற்கு, இறந்தவர் கைவிடப்படவில்லை என்ற நம்பிக்கை அவர்களுக்கு முதலிலே தேவைப்பட்டது.

இவையெல்லாம் எங்கோ தொலைவில் நிகழ்ந்தவை என இந்நாட்டு நேயர்கள் எண்ணுதற்கில்லை. 2020ஆம் ஆண்டிலே கொரோனாத் தொற்று இலங்கைக்கு வந்தபோது, அந்நோயினால் இறப்போர் யாவரையும் தகனஞ் செய்தல் வேண்டும் என ஏப்ரில் மாதத்து வர்த்தமானி அறிவித்தல் விதித்தது. புதைத்தாலும் எரித்தாலும் தகும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் அதற்கு முன்னரே மார்ச் மாதத்திற் கூறியிருந்தது. நிலத்தடி நீர் கெடும் என்பது அரசாங்கத் தரப்பிற் சொல்லப்பட்ட காரணம். பிரேதத்தை எரித்தலை விலக்கிய மார்க்கத்தையுடைய முஸ்லிம் மக்கள் அடைந்த துயரம் சொல்லில் அடங்காது. கிறிஸ்தவருள்ளும் பலர் நொந்தனர். நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட மனுக்கள் 2020 டிசெம்பர் முதலாந் திகதி தள்ளுபடியாயின. அம்மாதத்திலே, பிறந்து இருபது நாளேயான சிசுவொன்றும் எரிக்கப்பட்ட பின், கொழும்பு பொரளை மயானத்தின் வேலியிலே மக்கள் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டிச் சென்றனர். கபன் துணியின் நிறம் அது. அவ்வாறு கட்டியவருள் முஸ்லிம் அல்லாதோரும் இருந்தனர். நோயுற்றும் வைத்தியசாலைக்குப் போகத் தயங்கியோர் உளர் என்ற செய்திகள் அக்காலத்தில் வந்தன. மொன்றோவியாவில் நிகழ்ந்ததை அறிந்தோருக்கு அது புதுமையன்று.

எரிக்கும் வழக்கமுடைய இந்துக்களும் அந்நாட்களிலே அமைதி காணவில்லை. மூடி முத்திரையிட்ட பெட்டியைத் தூரத்தே நின்று பார்த்ததோடு பலருடைய கடமை முடிந்தது. நீராட்டவும் வாய்க்கரிசி இடவும் வழியில்லை. தொற்றுக்கு அஞ்சி விதித்த இத்தடையைப் பெரும்பாலோர் பொறுத்துக்கொண்டனர், காரணம் விளங்கிற்று. காரணம் விளங்காத கட்டளையே ஆறாத புண்ணாகிறது. விளங்கக்கூடிய தடையையும் விளங்காத தடையையும் மக்கள் வேறுபிரித்து அறிவர் என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுவதில்லை.

2021 பெப்ரவரி 25ஆந் திகதி அடக்கஞ் செய்யவும் அனுமதி கிடைத்தது. மார்ச் 5ஆந் திகதி முதல், மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் ஒதுக்கப்பட்ட நிலத்திலே, நாட்டின் பல திசைகளிலிருந்தும் ஜனாஸாக்கள் கொண்டுவரப்பட்டன. ஓராண்டு கழித்து அவ்வவ்வூர் மையவாடிகளிலேயே அடக்கலாம் என்றாகும் வரையில், அங்கே 3,600க்கு மேற்பட்டோர் அடக்கப்பட்டனர். அவருள் பெரும்பாலோர் முஸ்லிம்கள். இந்துக்களும் பௌத்தரும் கிறிஸ்தவரும் அதே மண்ணில் அவர்களுக்கு அயலாகக் கிடக்கின்றனர். கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோருவதென அமைச்சரவை 2024 ஜூலையில் தீர்மானித்தது. ஓட்டமாவடிக்குச் சென்று கபுறடியில் நின்று துஆக் கேட்டுவரப் பிள்ளைகளுக்கு இன்று ஓர் இடம் உண்டு. அதற்கு முன்னர் எரிக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்கு அது இல்லை.